எல்ராய் முடிக்காத துப்பாக்கி

மற்ற ஆண்கள் மோதிரம் போட்டு நிச்சயம் செய்வார்கள். எல்ராய் புக்ஹோல்ஸ் கைக்குட்டையில் சுற்றிய ஓர் இரும்புத் துண்டை ஆர்லிஸின் மடியில் வைத்தான். ஏதோ ஒரு முப்பாட்டன் காலத்து ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியின் நடுக்கூடு அது. குழல் இல்லை, கட்டை இல்லை. கீழே ஒரு லீவர் மட்டும் இருந்தது. அதை இழுத்தால் உள்ளே ஓர் இரும்புப் பாளம் கீழிறங்கித் தோட்டாவுக்கு வழிவிடும். தள்ளினால் மேலேறி அடைத்துக்கொள்ளும். "இத வச்சு உனக்கு ஒரு துப்பாக்கி செஞ்சு தரேன் ஆர்லி. இந்த விஸ்கான்சின்லயே இது மாதிரி இன்னொண்ணு இருக்கக் கூடாது" என்றான். அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. மோதிரத்தைவிட இது பெரிதாகத் தெரிந்தது. அந்த வயதில் எதுவும் பெரிதாகத் தெரியும்.

இப்போது அவளுக்கு ஐம்பத்து நான்கு. துப்பாக்கி இன்னும் வீட்டுக்குப் பின்னால் இருந்த பட்டறையில்தான் கிடந்தது.

எல்ராயைச் சோம்பேறி என்று சொல்ல வாய் கூசும். பேப்பர் மில்லில் லேத் வேலை முடித்து வந்து, சாப்பிட்டும் சாப்பிடாமலும் பட்டறைக்குள் நுழைந்துவிடுவான். அவன் கெட்டதே அந்த உழைப்பால்தான். அந்தப் பழைய கூடு, தோட்டாவின் நடுவில் அடிப்பதற்காகச் செய்யப்பட்டது. ஆர்லிஸ் சுடுவதோ இருபத்திரண்டு என்கிற பொடித் தோட்டா. அதை விளிம்பில் அடித்தால்தான் வெடிக்கும். அதனால் அடிக்கும் ஊசியை நடுவிலிருந்து விளிம்புக்கு நகர்த்த வேண்டும். ஒரு நெல்மணி நீள வேலை. அந்த நெல்மணி நீளத்துக்குள் இரண்டு ஜனாதிபதிகள் வந்து போனார்கள். பிறகு குழல் சரியில்லை என்று மாற்றினான். மாற்றியதை மாற்றினான். தோளில் பதிகிற பின்கட்டைக்கு வாங்கிய வால்நட் பலகை, வீட்டு ஈரத்துக்குப் பழக வேண்டும் என்று அவர்கள் கட்டிலுக்கு அடியில் வருடக்கணக்காகப் படுத்திருந்தது. பலகை பழகியதோ இல்லையோ, ஆர்லிஸ் பழகிவிட்டாள். ஒரு கிறிஸ்துமஸ் அன்று வாத்து வறுவல் மேஜைக்கு வர முடியவில்லை. மேஜை முழுக்கத் தோட்டாக்கள், ஒவ்வொன்றின் விளிம்புக் கனத்தையும் எல்ராய் மைக்ரோமீட்டரில் அளந்து கிண்ணம் கிண்ணமாகப் பிரித்துக்கொண்டிருந்தான். விருந்தாளிகள் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டார்கள்.

இத்தனை வருடமும் ஆர்லிஸ் சுட்டது தம்பி கோர்டி ஸ்டெஃபஸின் இரவல் துப்பாக்கியில். கோர்டி மாட்டுப் பண்ணைக்காரன். நியூ ட்ரெப்டோ சுடுவோர் சங்கத்தில் மூன்று முறை ராஜாவானவன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் துப்பாக்கியைக் கொடுக்கும்போது ஒரு வார்த்தையும் சேர்த்துக் கொடுப்பான்.

"மச்சான்கிட்ட கேளுக்கா, அது எந்தப் போருக்கு ரெடியாவுதுன்னு."

இரவல் துப்பாக்கியிலேயே அவள் நன்றாகச் சுடுவாள். ஆனால் ராஜாவுக்கான போட்டியில் இரவல் செல்லாது. ஜூலையில் ஒரு நாள், உயரமான கம்பத்தின் உச்சியில் மரக்கழுகு ஒன்றை ஏற்றுவார்கள். ஒவ்வொருவராகச் சுட்டு அதைச் சில்லுச் சில்லாக உதிர்ப்பார்கள். கடைசிச் சில்லை யார் விழவைக்கிறார்களோ அவர்தான் அந்த வருட ராஜா. அதற்குச் சொந்தத் துப்பாக்கி வேண்டும்; அதுவும் முதல் உலகப் போருக்கு முந்தைய ஒற்றைத் தோட்டாக் கூட்டில் செய்ததாக இருக்க வேண்டும். பெண்களைச் சங்கத்தில் சேர்த்த பிறகும், ஆர்லிஸ் கழுகுப் போட்டியில் உருளைக்கிழங்கு சாலட்டுக்கு அருகில் நின்று வேடிக்கைதான் பார்த்தாள்.

பிப்ரவரியில் தந்திக் கம்பங்கள் வளைய ஆரம்பித்தன. தொலைபேசிக் கம்பெனிக்காரர்கள் இவ்வளவு அலட்சியமாக நட்டிருக்கிறார்களே என்று முதலில் அவர்களைத்தான் திட்டினாள். பிறகு கதவு நிலை வளைந்தது, சர்ச் சிலுவை வளைந்தது. ஆப்பிள்டன் நகருக்குப் போய்க் கண் டாக்டரைப் பார்த்தாள். வலது கண்ணின் நடுவில் கடுகளவு மங்கல் இருக்கிறது என்றார் அவர். அடுத்த கோடைக்குள் அந்தக் கண்ணில் நடுப்பார்வை இருக்காது. எதை நேராகப் பார்க்கிறாளோ அது தெரியாது, அதைச் சுற்றியிருப்பது தெரியும். வைத்தியம் எதுவும் இல்லை.

குறி பார்க்கும் கண் அது. ஆர்லிஸ் காரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். தன்னிடம் இருப்பது ஒரே ஒரு கோடை. எல்ராயிடம் சொன்னால் அவனும் அழுவான், நல்லவன். அழுது முடித்த கையோடு, மங்கலான கண்ணுக்கென்று கண்ணாடி வைத்த குறிகருவி ஒன்றை வடிவமைக்க உட்கார்ந்துவிடுவான். அதோடு அவள் ஆயுளும் முடியும். சொல்லக் கூடாது என்று முடிவு செய்தாள்.

மார்ச் மாதம் எல்ராயின் பித்தப்பை அவளுக்கு உதவியது. அவன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, பின்கட்டைக்கு இன்னொரு தரம் எண்ணெய் பூசுவதற்காகப் பிடியில் மாட்டியிருந்த துப்பாக்கியைக் கழற்றி எடுத்துத் தன் தையல் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அறுத்த வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பியவன் முதலில் கேட்டது சூப் இல்லை.

"பட்டறையில துப்பாக்கியக் காணோம் ஆர்லி."

"என்கிட்ட இருக்கு. முடிஞ்சிருச்சு, எல்ராய்."

"முடிஞ்சிருச்சா?" அவன் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தான். "யாரு முடிச்சா?"

"நீதான். கோர்டி பண்ணையில மண்ணெடுத்த குழியில சுட்டுப் பாத்தேன். ஒரு கொறை கெடையாது."

"ஒண்ணுமே இல்லியா?"

"ஒண்ணுமே இல்ல."

அவன் முகத்தில் சந்தோஷம் வந்தது. கூடவே, பஸ்ஸைத் தவறவிட்டவனின் தவிப்பும் வந்தது. "ஏதாவது சின்னதா இருந்தாகூடச் சொல்லிடு. உடனே சரி பண்ணிக் குடுத்துடறேன்" என்றான்.

அந்த ‘உடனே’வுக்குத்தான் ஆர்லிஸ் பயந்தாள். சமையலறை அலமாரிக் கதவின் கீலை உடனே சரி பண்ணுகிறேன் என்று கதவையே கழற்றிக்கொண்டு போனான். மகன் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். இப்போது அந்த மகனின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். கதவு இன்னும் பட்டறையில் இருக்கிறது.

உண்மை என்னவென்றால், பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்திருந்தது. பண்ணைக் குழியில் முதல் நாளே ஆர்லிஸுக்குத் தெரிந்துவிட்டது. பின்கட்டை குட்டை. பட்டறை ஹீட்டர் செத்துக் கிடந்த ஒரு ஜனவரியில், அவளைக் கம்பளிக் கோட்டோடு நிற்கவைத்துத்தான் எல்ராய் நீளம் அளந்திருந்தான். விஸ்கான்சின்காரனுக்குக் கோட்டு உடம்பில் ஒரு பாகம். அதைக் கழற்றச் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை, கழற்ற அவளுக்கும் தோன்றவில்லை. வெடித்த தோட்டாவின் வெற்றுக்கூட்டை வெளியே இழுக்க வேண்டிய கொக்கி, அதைத் தொட்டுவிட்டு வெறும் கையோடு திரும்பியது. விளிம்பில் அடிக்க வேண்டிய ஊசி சில சமயம் மனசு மாறி ‘டிக்’ என்று மட்டும் சொன்னது. திறந்து தோட்டாவை அரைச் சுற்றுத் திருப்பிப் போட்டால் வெடித்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, துப்பாக்கி நாலு விரல்கடை இடப்பக்கம் தள்ளிச் சுட்டது. குறிகருவியின் திருகைத் திருப்பிச் சரி பண்ணலாம் என்றால், யாரும் தொடக் கூடாதென்று எல்ராய் அதன்மேல் சிவப்பு அரக்கு வைத்து முத்திரை போட்டிருந்தான். அரக்கு உடைந்தால் கேள்வி வரும். கேள்வி வந்தால் ‘உடனே’ வரும்.

ஆனால் அந்தக் குழல் இருக்கிறதே, அது தங்கம். நாலு விரல்கடை தள்ளிச் சுட்டாலும், சுட்ட பத்தும் ஒரே ஓட்டையில் போய் விழுந்தன. இப்படி ஒரு குழலை அவள் தொட்டதே இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் நிஜமாகவே கோணல். ஆர்லிஸ் அந்தக் கோணலிலேயே ஆடக் கற்றுக்கொண்டாள்.

ஜூன் மாத முதல் போட்டிக்கு அவள் முழங்கால் வரை தொங்கும் கம்பளிக் கோட்டோடு வந்து இறங்கினாள். மற்றவர்கள் அரைக்கைச் சட்டையில் வியர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, காச்சலா?" என்றான் கோர்டி.

"கம்பளி நாடித்துடிப்ப அமுக்கும். மூணு தடவ ராஜாவானியே, இதுகூடத் தெரியாதா?"

கோர்டி சிரித்தான். அவள் சுட ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது. கொண்டையில் செருகியிருந்த குரோஷே ஊசியை உருவி வெற்றுக்கூட்டை நெம்பி எடுத்தாள். மறுபடி கொண்டையில் செருகினாள். ஒரு முறை ‘டிக்’ என்றது. அவள் பதறாமல் கொஞ்சம் பொறுத்து, திறந்து, தோட்டாவை அரைச் சுற்றுத் திருப்பி, மூடிச் சுட்டாள். குழல் நீட்டிய திசையைப் பின்னால் நின்று பார்த்தவர்களுக்கு அவள் பக்கத்து ஆளின் அட்டையைக் குறி வைப்பதாகவே தெரிந்தது. ஓட்டை மட்டும் அவளுடைய அட்டையின் நடுவில் விழுந்துகொண்டிருந்தது. முதல் பரிசான பன்றித் தொடையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

எல்ராய் தன் மடக்கு நாற்காலியில், தூரக்கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். சமைக்கிறவன் சாப்பிடக் கூடாது என்பது அவன் கொள்கை. போட்டியில் சுட மாட்டான். அவன் பார்த்ததெல்லாம் அட்டையைத்தான். அட்டையில் குறையில்லை. ஆர்லிஸ் பக்கம் அவன் திரும்பவே இல்லை, அவளும் அதற்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னாள்.

அடுத்த ஞாயிறு கோர்டி மான் வேட்டைக்குப் போடும் ஆரஞ்சு நிறக் கோட்டில் வந்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறு ஏழெட்டுக் கோட்டுகள் வந்தன. சங்கத் தலைவர் டெல்மர் ஸாஸ்ட்ரோ ஊரில் சவ அடக்கம் செய்பவர். அவர் தொழிலுக்குப் போடும் கறுப்பு ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். பிராட்வர்ஸ்ட் தொத்திறைச்சி வாட்டும் அடுப்பருகே நின்றவன்கூடக் கோட்டைக் கழற்றவில்லை. ஊர்த் தையல் கடையில் குரோஷே ஊசி தீர்ந்துபோயிற்று; கொண்டை இல்லாதவர்கள் தொப்பியில் செருகிக்கொண்டார்கள். பழுதே இல்லாத தோட்டாக்களைப் போட்டு, எடுத்து, பயபக்தியோடு அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி போட்டார்கள். டெல்மர் ஒரு படி மேலே போய், சுடுவதற்கு முன் வாயாலேயே ‘டிக்’ என்று சொல்லிக்கொண்டார்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு சொல்லு. குறிய விட்டு ஏன் வலப்பக்கம் பாக்கற?"

"நேரா பாத்தா அது மெரளும் கோர்டி. மாடு வச்சிருக்கறவன், உனக்கு நான் சொல்லணுமா?"

கோர்டி யோசித்தான். அதில் நியாயம் இருந்தது. அன்றிலிருந்து அவனும் வலப்பக்கம் பார்த்தான், அவனைப் பார்த்து மற்றவர்களும் பார்த்தார்கள். அவர்களுடைய துப்பாக்கிகள் பாவம், நேராகச் சுடுபவை. ஆளாளுக்கு அடுத்தவன் அட்டையை ஓட்டை போட்டார்கள். மொத்தச் சங்கத்தின் புள்ளியும் தரைக்கு வந்தது. கோட்டின் கனம் போதவில்லை என்று பேசிக்கொண்டார்கள். ஒருவர் உள்ளே இன்னொரு ஸ்வெட்டர் போட்டு வந்தார்.

ஆர்லிஸ் யாரையும் ஏமாற்ற நினைத்தவள் அல்ல. ஒரு பொய்யை நிறுத்தினால் எல்லாம் சரிந்து எல்ராயின் மடியில் விழும், அதுதான் பயம். சில காலைகளில் ஒற்றைக் கண்ணை மூடிச் சமையலறை ஜன்னலின் குறுக்குச் சட்டத்தைப் பார்ப்பாள். வளைவு கொஞ்சம் கூடியிருக்கும். எல்ராய் பின்னாலிருந்து, "துப்பாக்கி எப்படி?" என்பான். நலம் என்பாள். அவன் பெருமூச்சு விட்டுக்கொண்டு பட்டறைக்குப் போவான். அங்கே அவனுக்கு வேலை எதுவும் இல்லை. அவனைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

கழுகு நாள் அன்று காலையிலேயே வெயில் கொளுத்தியது. சங்கப் பூங்காவில் முப்பது கோட்டுகள் வரிசையில் நின்றன. போல்கா வாத்தியக்காரர்கள் மட்டும் அரைக்கைச் சட்டையில் இருந்தார்கள். அவர்கள் பக்கத்து ஊர். கம்பத்தின் உச்சியில், பெரிய இரும்புத் தகட்டுக்கு முன்னால், கழுகு சிறகை விரித்து உட்கார்ந்திருந்தது. முதலில் கிரீடம் விழுந்தது. பிறகு இடச்சிறகு. டெல்மர் மூன்றாவது சுற்றில் வாயால் ‘டிக்’ என்று சொல்லிவிட்டு அப்படியே சாய்ந்தார். ஊரில் விழுந்தவர்களைத் தூக்குவது அவர் வேலை. அவரே விழுந்ததும் யார் தூக்குவது என்று கொஞ்சம் குழப்பம் ஏற்பட்டது. தண்ணீர் தெளித்து நிழலில் கிடத்தினார்கள். கோட்டைக் கழற்றப் போன கையைத் தட்டிவிட்டார்.

ஆர்லிஸுக்கு வலச்சிறகுதான் தெய்வம். அதன் நுனியைக் குறி வைத்தால் தோட்டா கழுகின் நெஞ்சுக்குப் போகும். கழுத்து போயிற்று, வால் போயிற்று. நடுவில் ஒரு துண்டு மட்டும் ஒற்றை ஆணியில் தொங்கியபோது, கோர்டி தன் கொள்கைப்படி அந்தத் துண்டை விட்டு வலப்பக்கம் குறிவைத்து, ஒட்டிக்கொண்டிருந்த வலச்சிறகைச் சுத்தமாகப் பெயர்த்து எறிந்தான். கூட்டம் கைதட்டியது. ஆர்லிஸுக்கு இனி குறி வைக்க அங்கே எதுவும் இல்லை, வெறும் தகடு.

அவள் முறை வந்தது. கோட்டுக்குள் முதுகில் ஆறு ஓடியது. கம்பம் அவள் கண்ணில் அரிவாளாக வளைந்திருந்தது. தொங்கும் துண்டைப் பார்த்தால் துண்டு மறைந்தது, பக்கத்தில் பார்த்தால் தெரிந்தது. தகட்டின் வலப்பக்கத்தில் ஏதோ ஒரு புண்ணியவதிக் குருவி எச்சமிட்டிருந்தது. வெள்ளையாக, காசளவு. ஆர்லிஸ் அந்த எச்சத்தைக் குறி வைத்தாள். விசையைத் தொட்டாள். ‘டிக்.’

கூட்டம் மரியாதையோடு மூச்சைப் பிடித்தது. அவள் பொறுத்து, திறந்து, அரைச் சுற்றுத் திருப்பி, மூடி, எச்சத்தைத் தேடிப் பிடித்துச் சுட்டாள். ஆணி தெறித்தது. துண்டு கம்பத்தில் தட்டித் தட்டி இறங்கிப் புல்லில் விழுந்தது.

அதற்கப்புறம் அவளுக்குக் கேட்டதெல்லாம் வாத்திய சத்தம். யாரோ கோட்டைக் கழற்றிவிட்டார்கள், யாரோ வெள்ளிப் பதக்கங்கள் கோத்த ராஜமாலையை அவளுடைய நனைந்த சட்டையின் மேல் போட்டார்கள். கோர்டி அக்காவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். இறக்கிவிட்டு நேராக எல்ராயிடம் போனான்.

"மச்சான், நீ பெரிய ஆளுய்யா. எனக்கு இதே மாதிரி ஒண்ணு வேணும். அச்சு அசலா இதே."

"எனக்கும்" என்று நிழலில் படுத்தபடி டெல்மர் கையைத் தூக்கினார். எனக்கும் எனக்கும் என்று கோட்டுகள் சூழ்ந்துகொண்டன. எல்ராய்க்கு மார்ச்சுக்குப் பிறகு இப்போதுதான் முகத்தில் ரத்தம் ஓடியது. அவன் ஆர்லிஸிடம் வந்து துப்பாக்கியின் பின்கட்டையைப் பிடித்தான்.

"ஒரே வாரம் ஆர்லி. கழட்டி அளவு மட்டும் எடுத்துக்கறேன். உடனே குடுத்துடுவேன்."

ஆர்லிஸ் குழலை விடவில்லை. ஆகஸ்ட் இருக்கிறது, செப்டம்பர் இருக்கிறது, அக்டோபரில் ஆப்பிளைச் சுடும் போட்டி இருக்கிறது. தன்னிடம் மிச்சம் இருப்பது அவ்வளவுதான் என்று அவளுக்குத் தெரியும். ராஜா பேச வேண்டும் என்று யாரோ கத்தினார்கள். துப்பாக்கியின் ஒரு முனை அவன் கையில் இருக்க, அவள் நின்ற இடத்திலேயே பேசினாள்.

"கேட்டுக்குங்க. இது மாதிரி யாரும் செய்யச் சொல்லாதீங்க. இதுல கட்டை குட்டை. அதனாலதான் கோட்டு. கொக்கி இழுக்காது. அதுக்குத்தான் குரோஷே ஊசி. ஊசி ஒழுங்கா அடிக்காது. நாலு விரக்கட இடப்பக்கம் போவுது. நான் நாடித்துடிப்புன்னு சொன்னது, மெரளும்னு சொன்னது, எல்லாம் பொய்."

வாத்தியம் நின்றது. முப்பது பேரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மெல்லச் சிரித்தார்கள்.

"ராஜாவாயிட்டா, ரகசியத்த மூடுறா பாருங்க" என்றார் டெல்மர். "நான் மட்டும் என்ன, சொல்லிடுவனா?"

"மச்சான், எனக்கும் நாலு விரக்கட இடப்பக்கம் போவணும்" என்றான் கோர்டி. "கொறைக்கக் கூடாது."

அவளை நம்பியவன் எல்ராய் ஒருவன்தான். அவன் முகம் சுருங்கிப்போனது. கோர்டி பண்ணைக் குழியில் சுட்டுப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை என்று சொன்னவளை, மூன்று மாதம் தினமும் நலம் என்று சொன்னவளை, அவன் பார்த்தான். ஆர்லிஸுக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. அத்தனை பேர் முன்னால் புருஷனை இப்படி நிற்கவைத்திருக்க வேண்டாம். ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சுருங்கிய முகத்தில் ஒரு வெளிச்சம் ஏறியது. அவனுடைய மறு கை தானாகச் சட்டைப் பைக்குள் போய்த் திருப்புளியைத் தேடியது.

"நாலு கொறையா?" என்றான். "ஊசிய நகத்தணும். கட்டைய மாத்தி... புது பலகை வாங்கி ஒணத்தி... ஏன் ஆர்லி முன்னாடியே சொல்லல? குடு. குடு இங்க."

அவன் இழுத்தான். அவளும் இழுத்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர்கள் ஒன்றைப் பிடித்து இழுத்தது இதுவே முதல் தடவை. அவள் அவன் காதுக்கு அருகில் குனிந்தாள்.

"எல்ராய், என் வலது கண்ணு போவுது. டாக்டர் பிப்ரவரியிலயே சொல்லிட்டாரு. அடுத்த வருஷம் இதால குறி பாக்க முடியாது. இந்தக் கோட மட்டுந்தான் எனக்கு. நீ எடுத்துட்டுப் போனா நான் திரும்பச் சுடமாட்டேன்."

அவன் கை பின்கட்டையிலிருந்து நழுவியது. சுற்றிலும் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. பீர் குழாயைத் திறந்துவிட்டிருந்தார்கள். எல்ராய் அவளுடைய வலது கண்ணைப் பார்த்தான். அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, எப்போதும்போல் சாம்பல் நிறக் கண். அவன் உதடு கோணியது. அழுவான் என்று எதிர்பார்த்தாள், அழுதான். சத்தமில்லாமல், திருப்புளி பிடித்த கையின் பின்புறத்தால் துடைத்துக்கொண்டு.

"என்கிட்டயா சொல்லல?" என்றான்.

"சொன்னா இத எடுத்துக்குவே."

அவன் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். நேர்மையானவன், மூடிக்கொண்டான்.

"ஆமா" என்றான். "எடுத்திருப்பேன்."

ராஜா ஊர்வலத்துக்கு வாத்தியக்காரர்கள் வரிசை கட்டினார்கள். கோர்டி அக்கா அக்கா என்று கூப்பிட்டான். எல்ராய் நகரவில்லை. அழுத முகத்தோடு தலையைச் சாய்த்து அவளுடைய மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை ஆர்லிஸுக்குத் தெரியும். முப்பத்தொரு வருடத்துக்கு முன், கைக்குட்டையைப் பிரித்தபோதும் அவன் இப்படித்தான் பார்த்தான்.

"எடது கண்ணு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல."

"டாக்டர் சொன்னாரா?"

"சொன்னாரு. அது கெட்டியா இருக்காம்."

"லீவர் கீழ நடுவுலதான இருக்கு, அது எந்தக் கைக்கும் சரி. கட்டைய மட்டும் எடப்பக்கத்துக்கு வளைக்கணும். கூடு ஒண்ணு என்கிட்ட இருக்கு, இத விடப் பழசு, உனக்குக் காட்டினதில்ல." அவன் மூக்கை உறிஞ்சினான். "எடக்கை துப்பாக்கி ஒண்ணு ஆரம்பிக்கறேன் ஆர்லி. இத நான் தொடல."

"எப்ப முடியும்?"

மில்லில், சர்ச்சில், கட்டிலில், எங்கே கேட்டாலும் இந்தக் கேள்விக்கு அவனிடம் ‘உடனே’ என்கிற பதில்தான் இருந்தது. இப்போது அவன் கொஞ்ச நேரம் யோசித்தான்.

"தெரியல" என்றான்.

ஆர்லிஸுக்கு அவனை அந்தத் துப்பாக்கியாலேயே ஒரு போடு போடலாம் என்று இருந்தது. அதே நேரத்தில், அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு முப்பது கோட்டுகளின் நடுவில் ஓவென்று அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்ய முடியவில்லை. வலது கையில் துப்பாக்கி இருந்தது, இடது முழங்கையை எல்ராய் பிடித்து மடக்கி, அங்கிருந்து ஆட்காட்டி விரல்வரை சாண் வைத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, எல்லாரும் காத்திருக்காங்க. ராஜா நடந்தாத்தான் நாங்க நடக்க முடியும்" என்றான் கோர்டி, நெற்றி வியர்வை கண்ணில் இறங்க.

"நில்லுங்கடா. அளவு எடுத்துக்கிட்டிருக்கான்" என்றாள்.

எல்ராயின் சாண் விரல் நுனிக்கு வந்து நின்றது. அசையாதே என்றான். பிறகு, நிச்சயமாக இருக்கட்டும் என்று, முழங்கையிலிருந்து மறுபடி ஆரம்பித்தான்.